அப்பத்தாவின் பாதி ஸ்வெட்டர், அட்டையில் ‘ராம்நாடு’ என்று ஒரே ஒரு சொல்

மண்டபத்து மல்லி:

எல்லோருக்கும் வணக்கம். ஒரே இழையில் இரண்டு கேள்வி கேட்கிறேன். தனித்தனியாகப் போடச் சொல்லி விரட்டாதீர்கள், இரண்டும் ஒரே தகரப்பெட்டிக்குள் இருந்து வந்தவை.

எங்கள் அப்பத்தா தை மாதம் தவறிவிட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து பெட்டியைத் திறந்தோம். அந்துருண்டை வாசனை, பெயர் எழுதாத இரண்டு போட்டோ, கண்டியில் முத்திரை குத்திய குடும்ப அட்டை. அடியில் பழைய சேலைத் துணியில் சுற்றி, ஊசியோடு அப்படியே நின்றுபோன ஒரு பச்சை உல்லன் ஸ்வெட்டர். சின்னப் பிள்ளை அளவு. கூடவே ஒரு நூல் உருண்டை. எடுத்தபோது இருந்த நிலையில் ஒரு போட்டோ இங்கே போட்டிருக்கிறேன்.

அப்பத்தா இலங்கையில் ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். 1975ல் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் கேம்ப்பில் இருந்து, மற்றவர்கள் ஆளுக்கொரு ஊருக்குப் போனபோது தாத்தா மட்டும் இங்கேயே மீன் கம்பெனியில் ஐஸ் உடைக்கிற வேலை கிடைத்தது என்று தங்கிவிட்டார். அட்டை 1973ல் கொடுத்தது. தாத்தா வயது 31, அப்பத்தா, பெரிய அத்தை வயது 4. நடுவில் ஒரு வரி எழுதி அடித்திருக்கிறது, எழுத்துப் பிழை போல. பூர்வீகம் என்ற இடத்தில் ஆங்கிலத்தில் ‘ராம்நாடு’. அவ்வளவுதான். அப்பா 1977ல் இங்கே பிறந்தவர், அவருக்கும் ஒன்றும் தெரியாது.

முதல் கேள்வி: இந்த ஒரு சொல்லை வைத்து எந்த ஊர் என்று கண்டுபிடிக்க முடியுமா?

இரண்டாவது: யூடியூப் பார்த்து நானே அந்த ஸ்வெட்டரைத் தொடர்ந்து இரண்டு இஞ்ச் பின்னிவிட்டேன். 62 கண்ணி இருந்தது, இப்போது 67. நடுவில் இரண்டு ஓட்டை. நான் பின்னிய பகுதி மட்டும் சாய்ந்து, இறுகி, வேறு யாரோ பின்னியது போல இருக்கிறது. ஓரம் சுருண்டுகொள்கிறது. என்ன தப்பு செய்கிறேன்?

கோத்தகிரி நூல்:

தங்கச்சி, முதலில் கையை எடு. இனி ஒரு வரிகூடப் பின்னாதே. நாலு விஷயம் சொல்: ஊசியின் தலையில் என்ன நம்பர் இருக்கிறது? நீ பின்னுவது அதே ஊசியா? ஸ்கேலை வைத்து 10 சென்டிமீட்டருக்குள் அப்பத்தா பகுதியில் எத்தனை கண்ணி, உன் பகுதியில் எத்தனை கண்ணி என்று எண்ணு. மிச்ச உருண்டையிலிருந்து விரல் நீளம் வெட்டி, இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பார். முடி கருகுகிற நாற்றம் அடித்து, சாம்பல் விரலில் நொறுங்கினால் அசல் கம்பளி. உருகி, ஆறியதும் கல் மாதிரி மணியாக நின்றால் அக்ரிலிக். இது தெரியாமல் மேலே சொல்ல மாட்டேன்.

எங்கள் அம்மாவும் உன் அப்பத்தா வந்த அதே கப்பலில் வந்தவர்தான். தாயகம் திரும்பியவர்களுக்காக 1968ல் அரசு நீலகிரியில் தொடங்கிய தேயிலைத் திட்டத்தில் வேலை கிடைத்து மலையேறினார். மலையிலிருந்து மலைக்கு. அதனால் எங்கள் வீட்டில் ஊசி நிற்கவே இல்லை.

பழம்பத்திரம்:

மல்லி, ‘ராம்நாடு’ என்றால் இன்றைக்குள்ள ராமநாதபுரம் மாவட்டம் என்று எடுத்துக்கொண்டு தேட ஆரம்பித்தால் ஒரு வருடம் வீணாகும். நான் முப்பது வருடம் பத்திரம் எழுதியவன், இந்தத் தப்பில் விழுந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். 1910ல்தான் மதுரை, திருநெல்வேலி ஜில்லாக்களிலிருந்து வெட்டி ராம்நாடு ஜில்லா உண்டாக்கினார்கள். 1985ல் அது ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் என மூன்றாக உடைந்தது. உங்கள் அட்டை 1973. அன்றைக்கு காரைக்குடி, திருப்பத்தூர், அருப்புக்கோட்டை, சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர் எல்லாமே ராம்நாடுதான். 1910க்கு முன்னால் போன குடும்பம் என்றால் பழைய காகிதத்தில் அதே ஊர் மதுரை ஜில்லா என்றோ திருநெல்வேலி ஜில்லா என்றோ இருக்கும்.

நிலமில்லாமல் கடல் தாண்டியவர்களுக்குப் பத்திரத்தில் தடம் கிடைப்பது கடினம். என் தொழிலுக்கு விரோதமாகவே சொல்கிறேன், வில்லங்கம் போட்டுப் பார்க்கிறேன் என்று பணத்தைக் கரைக்காதீர்கள். கணினியில் கிடைப்பது பெரும்பாலும் 1975லிருந்துதான். அதற்கு முந்தியதற்கு மனுக் கொடுத்துக் கையால் தேட வேண்டும். அதுவும் சர்வே நம்பரோ பெயரோ கையில் இருந்தால்தான்.

வீட்டுக்குள்ளேயே தேடுங்கள். போட்டோவின் பின்பக்கம், பஞ்சாங்கத்தின் ஓரம், சாமி படத்துக்குப் பின்னால். தமிழ் வருடப் பெயர் எங்காவது இருக்கிறதா? அது அறுபது வருடத்துக்கு ஒரு முறை திரும்பும். உதாரணமாக சித்திரபானு என்றிருந்தால் 1882 அல்லது 1942. எது என்பதை வயதை வைத்துத் தீர்க்க வேண்டும். முக்கியமானது மொய் நோட்டு. உங்கள் அப்பாவுக்குக் காது குத்தியிருப்பார்களே, அந்த நோட்டு எங்கே?

ஏர்வாடிக் காற்று:

இதுக்கு எதுக்கு இவ்வளவு சுத்து? நீங்க எந்த ஆளுங்கன்னு சொல்லுங்க, எந்த ஊருன்னு ரெண்டு நிமிஷத்துல சொல்லிடலாம். இல்லைன்னா எச்சிலை வச்சு டிஎன்ஏ டெஸ்ட் இருக்கு, பணம் கட்டினா போதும்.

மட்டுறுத்துநர்:

சாதி கேட்பதும் சொல்வதும் இந்தத் தளத்தில் கூடாது. அடுத்த முறை பதிவு நீக்கப்படும்.

பழம்பத்திரம்:

விதி ஒருபுறம் இருக்கட்டும், தம்பி சொன்ன வழி உபயோகமும் இல்லை. ஒரே பெயர் சொல்கிறவர்கள் ஆறு தாலுகாவில் இருப்பார்கள். எச்சில் சோதனை கண்டம், பிராந்தியம் என்று சதவீதம் கொடுக்கும். உங்களோடு ஒத்துப்போகிற ஓர் உறவினர் அதே கம்பெனியில் ஏற்கெனவே சோதனை செய்திருந்தால் அவரைக் காட்டும். கமுதி பக்கத்துக் கிராமத்து ஆள் எத்தனை பேர் குழாயில் துப்பி அனுப்பியிருப்பார்கள் என்று யோசியுங்கள்.

பாம்பன் வலைக்காரர்:

ஸ்வெட்டருக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. இந்த வெயிலில் துண்டே பாரம். ஆனால் ‘கண்ணி’ என்ற சொல்லைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். வலையிலும் கண்ணிதான். வலையில் ஒவ்வொரு கண்ணிக்கும் முடிச்சு இருப்பதால் ஓர் இடத்தில் அறுந்தால் அங்கேயே நிற்கும். உங்கள் பின்னலில் முடிச்சே இல்லை, ஒன்றுக்குள் ஒன்று மாட்டி நிற்கிறது. அதனால்தான் ஒரு கண்ணி நழுவினால் அடிவரைக்கும் ஏணிபோல் இறங்குகிறது என்று நினைக்கிறேன். சரிதானா அக்கா?

வலை பொத்தும்போது நாங்கள் ஓட்டையை அப்படியே அடைக்க மாட்டோம். முதலில் கிழிந்த ஓரத்தைக் கத்தியால் வெட்டிச் சுத்தமாக்கி, மூன்று கால், அதாவது அறுபடாத மூன்று இழை, நிற்கிற முடிச்சைத் தேடுவோம். அங்கே ஆரம்பித்து மூன்று கால் உள்ள இன்னொரு முடிச்சில் முடிக்க வேண்டும். இரண்டு கால் முடிச்சில் ஆரம்பித்தவன் கடைசியில் ஒரு கண்ணி கூடியோ குறைந்தோ நிற்பான். ஓட்டையைப் பெரிசாக்குகிறாயே என்று புதுசாகக் கற்றுக்கொள்கிறவன் சண்டைக்கு வருவான். தங்கூசி வலையானாலும் நைலான் வலையானாலும் இதே கதைதான்.

குடும்பம் தேடுகிற விஷயத்தில் எங்களுக்கு 1964 டிசம்பர் 22 ராத்திரியோடு எல்லாம் தண்ணீரில் போய்விட்டது. அப்பா ஞானஸ்நானம் வாங்கியது தனுஷ்கோடியில். வழி கிடைத்தது கல்யாணத்தில்தான். கோயிலில் தாலி கட்டுகிறவர் எந்தப் பங்கில், அதாவது எந்த ஊர்ச் சர்ச்சில், ஞானஸ்நானம் பெற்றார் என்று திருமணப் பதிவேட்டில் எழுதுவார்கள். பெற்றோர் பெயரும் இருக்கும். ஞானஸ்நானம் கொடுத்த பங்குக்கும் தகவல் போய், அங்கே ஓரத்தில் குறித்துக்கொள்வார்கள். ஓர் ஊரின் புத்தகம் அழிந்தாலும் அதன் நிழல் இன்னோர் ஊர்ப் புத்தகத்தில் கிடக்கும். அப்பாவின் அம்மா பெயரை நான் தங்கச்சிமடத்தில்தான் முதல்முறை படித்தேன்.

மண்டபத்து மல்லி:

கோத்தகிரி அக்கா, கொளுத்திப் பார்த்தேன், முடி நாற்றம்தான், சமையலறை பூராவும். ஊசியில் 10 என்று இருக்கிறது. துருப்பிடித்து, தொட்ட கண்ணியெல்லாம் காவி நிறமாகிவிட்டது, உப்புக்காற்று சும்மா விடுமா. அதனால் நான் 3 மில்லிமீட்டர் மூங்கில் ஊசி வாங்கி அதில் மாற்றினேன். அப்பத்தா பகுதியில் 10 சென்டிமீட்டருக்கு 22 கண்ணி. என் பகுதியில் 25.

பழம்பத்திரம் ஐயா, போட்டோவைச் சட்டத்திலிருந்து கழற்றினால் பின்னால் பென்சிலில் ‘சித்திரபானு ஐப்பசி’ என்று இருக்கிறது! நீங்கள் உதாரணத்துக்குச் சொன்னதே அப்படியே. 1973ல் வயது 31 என்றால் 1942 சரியாக வருகிறது. மொய் நோட்டை அம்மா தேடிக்கொண்டிருக்கிறார்.

கோத்தகிரி நூல்:

வலைக்காரரே, அதேதான். முடிச்சு இல்லாததுதான் இதன் சாபமும் வரமும்.

மல்லி, உன் தப்பு ஒன்றல்ல, நாலைந்து சேர்ந்து உட்கார்ந்திருக்கிறது. வரிசையாக வா.

ஊசி. பழைய பிரிட்டிஷ் நம்பரில் 10 என்றால் 3.25 மில்லிமீட்டர். நம்பர் கூடக் கூட ஊசி மெலியும், 8 என்றால் 4 மில்லிமீட்டர். இது தெரியாமல் தலைகீழாக வாங்கியவர்கள் ஊரில் பாதிப் பேர். நீ வாங்கியது 3, கால் மில்லிமீட்டர் மெலிசு. அது ஒன்றே கொஞ்சம் இறுக்கும். கணக்குப் பார்: அப்பத்தாவின் 62 கண்ணி, 22 வீதம், 28 சென்டிமீட்டர். உன் 67 கண்ணி, 25 வீதம், 27கூட நிறையவில்லை. ஐந்து கண்ணி கூடியும் அகலம் குறைகிறது!

அந்த ஐந்து எங்கிருந்து வந்தது? ஓட்டை இரண்டு நடுவில் இருக்கிறதே, அங்கே இரண்டு. நிட் (நேர்ப் பின்னல்) வரியின் நடுவில் நூல் முன்னாலோ, பர்ல் (எதிர்ப் பின்னல்) வரியின் நடுவில் நூல் பின்னாலோ வந்துவிட்டதைக் கவனிக்காமல், ஊசி மேலாகப் போட்டிருப்பாய். வீடியோவை நிறுத்திவிட்டு மறுபடி பின்னும்போது இது அடிக்கடி நடக்கும். மிச்ச மூன்று ஓரத்தில், அங்கே ஓட்டை தெரியாது. வரி தொடங்கும்போது நூலை இறுக்குகிறேன் என்று ஊசிக்கு மேலாக இழுத்திருப்பாய். அப்போது முதல் கண்ணியின் இரண்டு காலும் இரண்டு கண்ணி போலத் தெரியும், நீ இரண்டிலும் குத்தியிருப்பாய். வரி தொடங்கும்போது நூல் எப்போதும் ஊசிக்குக் கீழே தொங்க வேண்டும்.

இனி சாய்ந்த கண்ணி. உன் ஸ்வெட்டரில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. ஊசியில் இருக்கிற கண்ணி குதிரைமேல் உட்கார்ந்த ஆள் மாதிரி, ஒரு கால் முன்பக்கம், ஒரு கால் பின்பக்கம். பர்ல் போடும்போது நூலை ஊசி மேலாகச் சுற்றினால் வலது கால் முன்னால் வரும். அடியாக எடுத்தால் வலது கால் பின்னால் போகும். உன் அப்பத்தா அடியாக எடுக்கிற கை, போட்டோவில் ஊசிமேல் இருந்த வரியிலேயே தெரிகிறது. அப்படி எடுத்தவர் நிட் வரியில் பின்கால் வழியாகக் குத்துவார், கண்ணி நேராக வந்துவிடும். நீ வீடியோவில் பார்த்த மாதிரி முன்காலில் குத்தினாய், கண்ணி முறுக்கிக்கொண்டது. சரி, அது ஒரு வரியோடு போயிருக்க வேண்டும். இரண்டு இஞ்சும் முறுக்கியிருக்கிறதென்றால் நிட்டுக்கு ஒரு வீடியோ, பர்லுக்கு வேறொரு வீடியோ பார்த்திருக்கிறாய். ஆமா இல்லையா?

எந்தக் கால் இடது ஊசியின் முனைக்குப் பக்கமாக இருக்கிறதோ அந்தக் காலில் குத்து. முன்னால் இருந்தாலும் சரி, பின்னால் இருந்தாலும் சரி. வேறு எதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம்.

ஓரம் சுருள்வது உன் தப்பே இல்லை. ஒரு பக்கம் முழுக்க நிட், மறுபக்கம் முழுக்க பர்ல் என்றால் எவர் பின்னினாலும் பக்கவாட்டில் உள்ளே சுருளும். பக்கம் சேர்த்துத் தைத்ததும் அடங்கிவிடும். கீழே அப்பத்தா ஒன்றுவிட்டு ஒன்று நிட், பர்ல் பட்டை போட்டிருப்பதே அது சுருளாமல் இருக்கத்தான்.

பிரிக்கத்தான் வேண்டும். ஆனால் சும்மா இழுத்துவிடாதே. உருவுவதற்கு முன்னால், அப்பத்தாவின் கடைசி வரியில் ஒவ்வொரு கண்ணியின் வலது கால் வழியாகவும் மெல்லிய வெள்ளைப் பருத்தி நூலைத் தையல் ஊசியில் கோத்துக் கொண்டுபோ. எண்ணினால் 62 இருக்க வேண்டும். அப்புறம் பிரி, அந்த நூலுக்கு வந்ததும் தானாக நின்றுவிடும். பழைய கண்ணி ஏதாவது நழுவி இறங்கினால் குரோஷா ஊசியை முன்பக்கமிருந்து விட்டு, ஏணியின் ஒவ்வொரு படியாகப் பிடித்து மேலே ஏற்று. பிரித்த நூல் சுருள் சுருளாக இருக்கும். நாற்காலி முதுகில் சுற்றிக் கட்டி, குளிர்ந்த தண்ணீரில் முக்கி, கனமான எதையாவது தொங்கவிட்டு நிழலில் காயவை. துருக்கறைக்கு பிளீச் வேண்டாம், கம்பளியைத் தின்றுவிடும். எலுமிச்சைச் சாறை உருண்டை நூலில் ஓர் ஓரத்தில் வைத்துப் பார்த்து, சாயம் போகவில்லையென்றால் மட்டும் தொடு.

பொகவந்தலாவைத் தம்பி:

அக்கா, நான் இலங்கையில் ஹட்டன் பக்கத்து ஆள். இங்கே ஒவ்வொரு தோட்டத்துக்கும் இரண்டு பெயர், துரைமார் வைத்த பெயர் ஒன்று, நம்மவர்கள் கூப்பிடுகிற பெயர் ஒன்று. உங்கள் அப்பத்தா சொன்னது நம்மவர் பெயராக இருந்தால் பதிவில் தேடினால் அகப்படாது. அட்டையில் துரை பெயர் இருக்கும், அதையும் டிவிஷனையும் பாருங்கள். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்ட செக்ரோல் (வேலையாட்கள் பேரேடு) எல்லாத் தோட்டத்திலும் மிஞ்சியிருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பெரிய அத்தையின் பிறப்புச் சான்றிதழ்தான் உங்களுக்குத் தங்கம்.

ஏனென்றால் 1948 குடியுரிமைச் சட்டம் வந்த பிறகு, எங்கள் பிறப்புச் சான்றில் ஒரு கட்டம் வந்தது: பிள்ளையின் பாட்டனார் இலங்கையில் பிறந்தவராயின் அவர் பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம். தகப்பன் இங்கே பிறக்காமல் பூட்டன் இங்கே பிறந்திருந்தால் அதற்கும் ஒரு கட்டம். எங்களுக்குக் குடியுரிமை கிடையாது என்று சொல்லத்தான் அந்தக் கேள்வி. இப்போது உங்களுக்கு வழி காட்டப் போவதும் அதுதான். கட்டம் நிரம்பியிருந்தால் உங்கள் தாத்தாவின் அப்பா இங்கே பிறந்தவர், கடல் தாண்டியது அதற்கும் முந்திய தலைமுறை. வெறுமையாக இருந்தால் பெரும்பாலும் அவரே இந்தியாவில் பிறந்து வந்தவர், அங்கே சொந்தக்காரர்கள் நினைவில் வைத்திருக்க வாய்ப்பு உண்டு.

1964ல் இந்தியாவும் இலங்கையும் போட்ட ஒப்பந்தத்தில் எங்கள் ஆட்களைப் பங்கு போட்டார்கள் தெரியுமா, 5,25,000 பேர் உங்களுக்கு, 3,00,000 பேர் எங்களுக்கு, மிச்சம் ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று. 1974ல் பேசி அதையும் பாதிப் பாதியாக வெட்டினார்கள். எங்கள் பாட்டி இந்தப் பக்கம், பாட்டியின் தங்கை அந்தப் பக்கம். தலைமன்னாருக்குப் போகிற ரயிலை இங்கே இன்றும் அழுகைக் கோச்சி என்றுதான் சொல்வார்கள்.

கீழக்கரை ராத்தா:

எல்லோரும் தாத்தா, தாத்தாவின் அப்பா என்றே ஏறுகிறீர்கள். எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்கு. கல்யாணமானால் மாப்பிள்ளை இங்கே வந்து தங்குவார். அதனால் நாங்கள் தேடும்போது உம்மா, உம்மாவின் உம்மா என்று வீடு வீடாகப் பின்னால் போவோம். ஆண்கள் கொழும்பு, பினாங்கு என்று திரிந்தவர்கள், அவர்கள் பெயர் நிக்காஹ் பதிவேட்டில் ஓர் இடத்தில் வந்துவிட்டு மறைந்துவிடும். வீடு நகராது. உம்மம்மாவின் கடிதக் கட்டு ஒன்று கிடைத்தது, எல்லாம் அரபுத்தமிழ், எழுத்து அரபு, மொழி நம் தமிழ். எனக்கு வாசிக்க வராது, தெருவில் ஒரு மூத்தம்மா வாசித்துச் சொன்னார். அவரும் இல்லாமல் போயிருந்தால் அது வெறும் காகிதம்.

மல்லி, உங்கள் அப்பத்தாவுக்குக் கூடப் பிறந்தவர்கள் யார்? அந்தக் கை வேலை அப்பத்தாவுடையது. அட்டை தாத்தாவின் ஊரைத்தான் சொல்லும்.

மண்டபத்து மல்லி:

ராத்தா, சரியான நேரத்தில் கேட்டீர்கள். மொய் நோட்டு கிடைத்துவிட்டது! அரிசிப் பானைக்கு மேல் பரணில், உரப்பைக்குள். 1979, அப்பாவின் காதுகுத்து. மேலே பிள்ளையார் சுழி, முதல் வரியே ‘அபிராமம்’, ஆடு 1, அரிசி 1 மூட்டை, ரூபாய் 51. அதற்கடுத்து மண்டபம், உச்சிப்புளி, கேம்ப் ஆட்கள் ரூபாய் 2, 3 என்று. நடுவில் கமுதி நாலு வரி. அப்படியானால் தாத்தாவின் சொந்த ஊர் அபிராமம்தானே? அப்பா இந்த ஞாயிறே போகலாம் என்கிறார்.

பழம்பத்திரம்:

பொறுங்கள், பஸ் ஏறாதீர்கள். காதுகுத்துக்கு யார் மடியில் பிள்ளையை உட்கார வைப்பார்கள்? தாய்மாமன். ஆடும் அரிசி மூட்டையும் மாமன் சீர். முதல் வரி எப்போதும் அவருக்குத்தான். உங்கள் அப்பாவின் தாய்மாமன் என்றால் அப்பத்தாவின் அண்ணனோ தம்பியோ. கூடப் பிறந்தவராக இருக்க வேண்டும் என்றும் இல்லை, பெரியப்பா மகனாகவும் இருக்கலாம். ஆக, அபிராமம் அப்பத்தா வழி. ராத்தா கேட்டதற்குத்தான் விடை வந்திருக்கிறது.

தாத்தா வழிக்குக் கமுதி வரிகளை நிதானமாகப் பாருங்கள். உங்கள் தாத்தாவின் இனிஷியல் என்ன? அந்தக் காலத்தில் மூத்த பேரனுக்குப் பாட்டன் பெயரை வைத்தார்கள், பேரன் என்ற சொல்லே அதிலிருந்து வந்ததுதான். உங்கள் அப்பாவின் பெயர் தாத்தாவின் தகப்பன் பெயராக இருக்கலாம். கமுதி வரிகளில் அதே பெயர் இன்னொரு வீட்டிலும் இருந்தால், ஒரே பாட்டன் பெயரை இரண்டு வீட்டுப் பேரன்களும் சுமக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். சந்தேகம்தான், முடிவல்ல. குலதெய்வக் கோயிலில் தலைக்கட்டு வரி எழுதுகிற நோட்டு இருக்கும், அங்கே போய்க் கேட்டால்தான் தீரும்.

மண்டபத்து மல்லி:

தாத்தாவின் இனிஷியல் ‘மு’. அப்பாவின் பெயரும் ‘மு’வில்தான். கமுதி நாலு வரியில் அதே பெயர் ஒரு முறை வருகிறது ஐயா.

பாம்பன் வலைக்காரர்:

மூன்று கால் முடிச்சு கிடைத்துவிட்டது. இனிப் பொத்தலாம்.

மண்டபத்து மல்லி:

பத்து நாளாக இந்தப் பக்கம் வரவில்லை, மன்னிக்கவும்.

அபிராமம் போனோம். மாமன் வீட்டில் அவர் மகன்தான் இருக்கிறார். ‘கண்டிக்குப் போன வீடு’ என்றதும் பக்கத்து வீட்டுக் கிழவி எழுந்து வந்துவிட்டார். கமுதிக்குச் சிவராத்திரிக்குப் போகலாம் என்று வைத்திருக்கிறோம், அன்றைக்குத்தான் எல்லோரும் கோயிலில் கூடுவார்களாம்.

எழுத வந்தது வேறு. பெரிய அத்தையிடம் பிறப்புச் சான்றிதழ் கேட்கப் போனபோது அட்டையையும் கொண்டுபோனேன். அடித்திருந்த அந்த வரியைக் காட்டி, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று சும்மா கேட்டேன். அத்தை கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. அத்தைக்கு அடுத்து ஒரு தம்பி. இரண்டு வயது. அட்டை கொடுத்த பிறகு, கப்பலுக்கு முன்னால், தோட்டத்து லயத்தில் (வரிசை வீட்டில்) காய்ச்சலில் போய்விட்டானாம். பெயரை அடித்துக்கொண்டு வந்து சேர்ந்திருக்கிறார்கள். அத்தைக்கே அவன் முகம் நினைவில்லை, அம்மா பச்சை நூல் பின்னிக்கொண்டே இருந்தது மட்டும் நினைவிருக்கிறது என்றார்.

அப்பாவுக்கு இது இத்தனை வருடம் தெரியாது.

அத்தையின் சான்றில் பாட்டனார் கட்டம் வெறுமையாக இருக்கிறது, தம்பி. அப்படியானால் தாத்தாவின் அப்பா இந்தப் பக்கம் பிறந்தவர்.

பொகவந்தலாவைத் தம்பி:

அந்தச் சின்னவரின் பிறப்பும் இறப்பும் இங்கே பதிவாகியிருக்க வேண்டும் அக்கா. தோட்டத்தின் துரை பெயர், டிவிஷன், பெற்றோர் பெயர், ஏறக்குறைய எந்த ஆண்டு என்று எழுதித் தனிச்செய்தியில் அனுப்புங்கள். பிரதேச செயலகத்தில் நானே விண்ணப்பம் போட்டுப் பார்க்கிறேன்.

கோத்தகிரி நூல்:

28 சென்டிமீட்டர் அகலம் என்றால் மார்புச் சுற்று 56, இரண்டு வயதுப் பிள்ளைக்கு என்று அன்றைக்கே கணக்குப் போட்டேன். அட்டையில் நாலு வயதுதானே இருக்கிறது என்று ஒரு நொடி யோசித்துவிட்டு, வளர்ந்த பிள்ளைக்குச் சின்னதாக ஆரம்பித்துவிட்டார் போல என்று விட்டுவிட்டேன்.

முடித்தே ஆக வேண்டும் என்று ஒன்றும் இல்லை மல்லி. 62 கண்ணியையும் வெள்ளை நூலில் ஏற்றி, இரண்டு முனையையும் முடிந்து, சேலைத் துணியிலேயே சுற்றி வைத்துவிடலாம். நூலில் நிற்கிற கண்ணி எத்தனை வருடமானாலும் நழுவாது.

மண்டபத்து மல்லி:

அத்தை முடிக்கச் சொல்கிறார். என் மகளுக்கு இப்போது ஒரு வயது பத்து மாதம். இந்த ஊரில் எப்போது போடுவது என்று அம்மா சிரிக்கிறார். பிரித்துவிட்டேன், 62 சரியாக இருக்கிறது, 3.25 ஊசியும் வந்துவிட்டது. அப்பத்தா மாதிரியே பர்லை அடியாக எடுத்துப் பின்காலில் குத்திப் பழகிக்கொண்டிருக்கிறேன். இப்போது 10 சென்டிமீட்டருக்கு 23 வருகிறது. பட்டையிலிருந்து 19 சென்டிமீட்டர் ஆகிவிட்டது. அக்குளுக்கு எப்படிக் குறைப்பது?

கோத்தகிரி நூல்:

23 பரவாயில்லை, கழுவினால் தளர்ந்து கொடுக்கும். நிட் பக்கம் வரும்போது தொடக்கத்தில் 4 கண்ணி மூடு. திரும்பி, பர்ல் பக்கத் தொடக்கத்தில் 4 மூடு. 54 நிற்கும். அடுத்த மூன்று நிட் வரிகளிலும் இரண்டு ஓரத்திலும் ஒவ்வொன்று குறை, 48. அதன் பிறகு நேராகப் போ. மூடும்போது இறுக்காதே, கை வேர்த்தால் நிறுத்திவிட்டுத் துடைத்துக்கொள். 48 வந்ததும் ஒரு போட்டோ போடு, கழுத்தை அப்புறம் பேசலாம்.